கை உயர்த்தினால் வணக்கமன்று

டென்மார்க்கிலே சைக்கிளில் செல்லும் ஒருவர் தமது கையைத் தோளளவுக்கு உயர்த்தினால் அதற்கு வணக்கம் என்று பொருளில்லை. "நான் நிற்கப்போகிறேன், பின்னால் வருபவர் கவனிக்கவும்" என்பதே அதன் பொருள். இது வெறும் வழக்கமன்று, வீதிச் சட்டம். பாடசாலைப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பளவில் சைக்கிளோட்டப் பரீட்சைக்குத் தோற்றும்போது, வலப்பக்கம் திரும்ப வலக்கை, இடப்பக்கம் திரும்ப இடக்கை, நிற்பதற்கு உயர்த்திய கை என்று இதனை மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டியவர் மோட்டார் வண்டியைப் போல நடுவீதிக்கு வந்து திரும்ப முடியாது. நேரே சென்று, கையை உயர்த்தி, எதிர்மூலையில் நின்று, அதன் பின்னரே திரும்ப வேண்டும். ஆகவே நகரத்துச் சந்திகளில் காலை வேளையில் கைகள் உயர்ந்த வண்ணமே இருக்கும். அவற்றுள் ஒன்றேனும் வணக்கம் சொல்வதற்காக உயர்ந்ததன்று.

எமது நண்பர் ஒருவர் இந்நாட்டுக்கு வந்த புதிதில் இதனை அறிந்திருக்கவில்லை. வைலே நகரின் ஏற்றமான வீதியொன்றில் மூச்சிரைக்க உழக்கிச் சென்றவர், எதிர்ப்பக்கச் சைக்கிள் பாதையில் தமிழ் முகம் ஒன்று இறங்கி வருவதைக் கண்டார். மூன்று மாதமாகத் தமிழர் எவரையும் காணாதவர். மகிழ்ச்சி மேலிட்டு வலக்கையை உயர்த்தினார், ஆனால் நிற்கவில்லை. பின்னால் வந்த பெண்மணி சடுதியாகப் பிறேக்கைப் பிடிக்க, அவருக்குப் பின்னால் வந்த இருவர் அவர்மீது முட்டாத குறை. மூவரும் ஆளுக்கொரு சொல் சொல்லிவிட்டுச் சென்றனர். நண்பர் அவற்றையும் வணக்கமென்றே எடுத்துக்கொண்டு சிரித்துத் தலையசைத்தாராம். மொழி வகுப்பிலே ஆசிரியை வீதிச் சைகைகளைப் பலகையில் வரைந்து காட்டிய அன்றுதான் அந்தச் சொற்களின் பொருள் அவருக்கு ஒருவாறு விளங்கிற்று.

அப்படியானால் இந்நாட்டுச் சைக்கிளோட்டிகள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதே இல்லையா? சொல்கிறார்கள். எங்கே சொல்வது, எங்கே சொல்லாமல் விடுவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. கொப்பன்ஹேகனில் லூயிசா இராணியின் பெயரைக்கொண்ட பாலத்தை வேலை நாளொன்றில் பல்லாயிரக்கணக்கான சைக்கிள்கள் கடக்கின்றன. அங்கே எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்ல முற்பட்டவரை மனநல வைத்தியரிடந்தான் அழைத்துச் செல்வார்கள். நகரத்தில் சைக்கிளோட்டி என்பவர் நடைபாதையில் செல்பவரைப் போன்றவர். எவரும் எவரையும் பார்ப்பதில்லை. அதில் அவமதிப்பு ஒன்றுமில்லை.

நகர எல்லையைக் கடந்தால் நிலைமை மாறுகிறது. வைலேயிலிருந்து கிறின்ஸ்ரெட் வரை முன்னொரு காலத்தில் புகையிரதம் ஓடியது. 1957 இல் அது நிறுத்தப்பட்டது. அந்தத் தண்டவாளம் கிடந்த வழியின் ஒரு பகுதியே இன்று பிண்டெபல்லெப் பாதை எனப்படும் சைக்கிள் பாதையாக இருக்கிறது. பாதை செல்லும் பள்ளத்தாக்கிலே றவ்னிங் என்னுமிடத்தில், ஏறத்தாழ 980 ஆம் ஆண்டளவில் நீலப்பல் ஹரால்ட் மன்னன் காலத்தில் கட்டப்பட்ட, எழுநூறு மீற்றருக்கும் அதிகமான நீளங்கொண்ட மரப்பாலத்தின் சுவடுகள் உள்ளன. கிறின்ஸ்ரெட்டிலும் பிலுண்டிலும் வைலேயிலும் வாழும் எம்மவர் பலர் இந்தப் பாதையை அறிவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு அங்கே செல்பவர்களும் உண்டு. இந்தப் பாதையில் எதிரே வருபவர் "ஹாய்" என்று சொல்வார். வயதானவராக இருந்தால் "கொடே" என்பார். நாட்டின் தெற்கே, ஜேர்மன் எல்லைப் பக்கம் சென்றால் "மொய்ன்" என்பார்கள். அங்கே வரும்போதும் மொய்ன்தான், போகும்போதும் மொய்ன்தான். "போயிட்டு வாறன்" என்று சொல்லிப் பழகிய எமக்கு வரவுக்கும் பிரிவுக்கும் ஒரே சொல் என்பது முதலில் வேடிக்கையாகவே பட்டது.

எதிரெதிரே வரும் இருவர் மணிக்கு இருபது கிலோமீற்றர் வேகத்தில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் நெருங்கும் வேகம் மணிக்கு நாற்பது. அதாவது ஒரு செக்கனில் பதினொரு மீற்றர். முகம் தெளிவாகத் தெரியும் முப்பது மீற்றர்த் தூரத்தில் ஒருவரையொருவர் கண்டால், கடந்து செல்ல மூன்று செக்கன்கூட இல்லை. அந்த இடைவெளிக்குள் கண்டு, தீர்மானித்து, சொல்லி, மறுமொழியும் பெறவேண்டும். "ஹாய்" என்பது ஓரசை; எய்த அம்பு போலச் சென்றடையும். எமது "வணக்கம்" மெல்லெழுத்தும் வல்லெழுத்துமாக விரிந்து "ம்" என்று வாய் மூடும்போது எதிரே வந்தவர் பத்து மீற்றர் பின்னால் போய்விடுகிறார். நிறுத்தி நின்று சொல்வதற்கென்றே அமைந்த சொல் அது என்று நாம் நினைப்பதுண்டு. அதுவும் இரு கைகளையும் கூப்பிச் சொல்ல வேண்டியது. சைக்கிள் ஹாண்டிலை விட்டுவிட்டுக் கைகூப்ப முற்பட்டால் வணக்கத்தின் முடிவு வாய்க்காலுக்குள்தான்.

ஓட்டப்பந்தயச் சைக்கிள்காரர்களின் வணக்கம் தனி வகை. உடலோடு ஒட்டிய உடையும் தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, முதுகை வளைத்து வருபவர்கள் வாய் திறப்பதில்லை. பிறேக்கின் மேல் வைத்த கையிலிருந்து இரண்டு அல்லது நான்கு விரல்களை மட்டும் உயர்த்துவார்கள். உள்ளங்கை ஹாண்டிலை விட்டு அசையாது. அல்லது நாடியை ஓர் அங்குலம் மேலே தூக்கி இறக்குவார்கள். கூட்டமாக வந்தால் முன்னால் வருபவர் ஒருவர் விரலை உயர்த்துவது அனைவருக்குமாகப் போதும். பின்னால் வருபவர்களின் கைகளுக்கு வேறு வேலை உண்டு. வீதியில் உள்ள குழியையும் கல்லையும் பின்னே வருபவருக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். எவ்வளவு வேகத்திலும் சமநிலை கெடாமல் செய்யக்கூடிய வணக்கம் இது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. பந்தயச் சைக்கிள்காரர் பந்தயச் சைக்கிள்காரருக்கே விரலை உயர்த்துகிறார். பின்னால் கூடை கட்டிய பழைய சைக்கிளில் சந்தைக்குச் சென்று வரும் எம்மைக் கண்டால் பெரும்பாலானோர் வீதியோரத்து வேலியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். உடையையும் வண்டியையும் பார்த்து வணக்கத்தை அளந்து கொடுக்கும் இந்தப் பழக்கத்தைக் கண்டபோது எமக்கு ஊர் நினைவுதான் வந்தது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். யூலண்டின் மேற்குக் காற்றுக்கு எதிராக உழக்குபவர் தலையைக் குனிந்து, பெடலைத் தவிர வேறெதையும் எண்ணாமல் வருவார். அவரிடம் மறுமொழி எதிர்பார்ப்பது நியாயமன்று. காற்று முதுகில் தள்ள இலகுவாக வருபவரே முதலில் சொல்லவேண்டும் என்பது எமது அபிப்பிராயம். இவ்வூரவர் அப்படி ஒரு விதியைச் சொல்லி நாம் கேட்டதில்லை. மணி அடிப்பதிலும் வேறுபாடு உண்டு. இந்நாட்டில் சைக்கிளுக்கு மணி இருக்கவேண்டும் என்பது சட்டம். முந்திச் செல்லும்போது "வருகிறேன், ஒதுங்குங்கள்" என்று உணர்த்தவே அதை அடிப்பார்கள். எதிரே வருபவரைப் பார்த்து மணி அடித்தால் ஏதோ பிழை செய்துவிட்டோம் என்று அவர் திடுக்கிடுவார். எமது ஊரிலோ மணிதான் முதல் வணக்கம். சிநேகிதனின் படலையடியில் இரண்டு தரம் மணி அடித்தால், "இறங்கி வா, நேரமாகிவிட்டது" என்ற முழு வசனமும் அதற்குள் அடங்கிவிடும்.

பெண்களுக்கு இது வேறொரு சங்கடத்தைத் தந்தது. ஊரில் லேடீஸ் சைக்கிளில் பள்ளிக்கும் வேலைக்கும் சென்று வந்த பெண்கள், வழியில் ஆண்களைக் கண்டால் முன் சில்லைப் பார்த்தபடி சென்றுதான் பழக்கம். அவர்களை நோக்கி முன்பின் அறியாத வெள்ளைக்காரர் ஒருவர் "ஹாய்" என்றால் என்ன செய்வது? "நான் சிரிச்சால் அந்தாள் பிழையா நினைக்காதோ?" என்று எமது வீட்டிலேயே கேள்வி எழுந்தது. இங்கே அது வெறும் "ஹாய்". அதற்கு அப்பால் எதுவுமில்லை என்று விளங்க ஒரு கோடைகாலம் முழுவதும் தேவைப்பட்டது. இப்போது வீட்டம்மாவே முந்திக்கொண்டு சொல்கிறார்.

இனி ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணத்தவரின் உடம்பில் சைக்கிள் ஓர் உறுப்பு என்று சொன்னால் மிகையாகாது. றலி, ஹம்பர் என்று தகப்பன் ஓடியதை மகன் ஓடி, மகன் ஓடியதைப் பேரன் பாருக்குக் கீழே காலை விட்டு ஓடிப் பழகிய மண் அது. அங்கே சைக்கிளில் வருபவர் வணக்கம் சொல்லும் முறைகளை எண்ணிப் பார்த்தால் ஒரு சிறிய இலக்கணமே எழுதலாம். சமவயதுச் சிநேகிதனைக் கண்டால் ஒரு மணி. அறிந்தவரைக் கண்டால் "தூரவோ?" என்று ஒரு கேள்வி. "எங்கே போகிறீர்கள்" என்று கேட்பது சகுனப் பிழை. போகும் காரியம் தடைப்படும் என்பார்கள். "தூரவோ" என்றால் குற்றமில்லை. அதற்கு மறுமொழியும் "ஓம், உதிலை தான்" என்பதே. எங்கே என்பதை அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டாயிற்று. கோயிலைக் கடக்கும்போது சீற்றிலிருந்து சற்று எழுந்து நெஞ்சைத் தொட்டுக்கொள்வது இன்னொரு வகை.

பெரியவர்களைக் கண்டால், ஆசிரியர்களைக் கண்டால், இறங்க வேண்டும். இதுதான் மேலான வணக்கம். நாம் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், எம்மைவிட ஏழெட்டு வயதே குறைந்த உயர்தர வகுப்பு மாணவர்கள், எம்மைத் தூரத்தில் கண்டதும் காலை வீசி இறங்கி, சைக்கிளை உருட்டியபடி கடந்து சென்று, பின்னர் ஏறுவார்கள். வாய்ப்பேச்சு ஒன்றும் இராது. எமக்கு அது கூச்சத்தையே தந்தது. மழையில் நனைந்துகொண்டும் இறங்கிய பிள்ளைகளுக்கு "இறங்காதையுங்கோ, போங்கோ" என்று சொல்லியிருக்கிறோம். அவர்கள் கேட்கவில்லை.

இங்கே ஒன்றை மறைத்துவிட்டு எழுதினால் அது நேர்மையாகாது. சைக்கிளிலிருந்து இறங்கியோர் அனைவரும் அன்பினாலும் மரியாதையினாலும் இறங்கினார்கள் என்று சொல்ல முடியாது. சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்கள், தம்மை உயர்ந்தோர் என்று சொல்லிக்கொண்டவர்களின் முன்னே தோளில் கிடந்த சால்வையை எடுத்து ஒதுங்கி நிற்கவேண்டும் என்று கட்டாயப்படுத்திய ஊர்கள் எம்முடையவை. அங்கே இறங்காமல் போனவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பது முதியவர்களுக்குத் தெரியும். பழைய மரியாதைகளை நினைத்து ஏங்குபவர்கள் இதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். பந்தயச் சைக்கிள்காரரின் அலட்சியத்தைக் கண்டு நாம் மனம் புழுங்காததற்கும் இதுவே காரணம். அவர் எம்மை இறங்கச் சொல்லவில்லை.

1990 இல் பொருளாதாரத் தடை வந்த பின்னர் குடாநாட்டில் பெற்றோல் அற்றுப்போனது. வைத்தியர், நீதிமன்ற எழுதுவினைஞர், ஐயர், மணமகன் என்று எல்லோரும் சைக்கிளுக்கு வந்தார்கள். நோயாளியைக் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்கு உழக்கினார்கள். பற்றறியும் தடை செய்யப்பட்டிருந்தபடியால், சைக்கிளை நிறுத்திவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த இரவில், ஏறி ஓடுவதற்கு இடமின்றி ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் உருட்டிச் செல்லப்பட்டன. அந்த இரவில் அடுத்தடுத்து நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்து "நீங்களுமோ?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீதிகள்தோறும் காவலரண்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் சைக்கிளிலிருந்து இறங்கி, உருட்டிச் சென்று, அப்பால் போய் ஏறவேண்டும். ஆசிரியரைக் கண்டு இறங்கிய அதே கால்வீச்சு, அதே உருட்டல், அதே மௌனம். பாடசாலைக்குச் செல்லும் வழியில் நாமும் எமது மாணவர்களும் ஒரே காவலரணின் முன்னே ஒன்றாக இறங்கி உருட்டிச் செல்வோம். அதன் பின்னர் எம்மைக் கண்டு பிள்ளைகள் இறங்கினால் எமக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. வகுப்பிலேயே சொன்னோம்: "இனி எனக்காக இறங்கக்கூடாது. அதுக்கு வேறை ஆக்கள் இருக்கினம்." பிள்ளைகள் சிரிக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து சிலர் இறங்கவில்லை. சிலர் எம்மைக் கண்டும் இறங்கத்தான் செய்தார்கள். யார் சரி என்று இன்றும் எம்மால் சொல்ல முடியவில்லை.

தெருவில் வணக்கம் சொல்வதே ஆபத்தாகிய காலமும் அது. அறிந்தவரைக் கண்டாலும் அறியாதவர் போலச் செல்லவேண்டும். ஒருவர் பிடிபட்டால் அவரோடு கதைத்தவர் யார், சிரித்தவர் யார் என்ற கேள்வி வரும். சுற்றிவளைப்பின்போது ஆண்களை வரிசையாக நடத்திச் செல்வார்கள். முகத்தை மூடிய ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆளை வேறாக இருத்துவார்கள். "தலையாட்டி" என்ற சொல் அப்படித்தான் எமது பேச்சில் நிலைபெற்றது. இந்தியப் படை நின்ற காலத்திலும் அது இருந்தது, பின்னரும் இருந்தது. 1996 இல் குடாநாட்டில் பல நூறு பேர் காணாமற்போனார்கள். ஓர் அங்குலத் தலையசைவு எத்தனை வீடுகளின் விளக்கை அணைத்தது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

இவ்வளவையும் எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை இனிச் சொல்லலாம். சென்ற ஆவணி மாதத்தில் எமக்கு அறிமுகமான தகப்பன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இருப்புக்கொள்ளவில்லை. தேநீரையும் தொடவில்லை.

"மாஸ்ரர், நீங்கள்தான் ஒருக்கால் பெடியனோடை கதைக்கவேணும். அவன் ஊர்ப் பெரியவரை அவமதிச்சுப்போட்டான்."

"என்ன செய்தவன் தம்பி?"

"பாதையிலை ஐயா எதிரே வந்திருக்கிறார். இவன் நாடியைத் தூக்கித் தலையை ஆட்டிப்போட்டுப் போயிட்டானாம். ஒரு வணக்கம் இல்லை, ஒரு சொல் இல்லை. ஐயா அண்டைக்குப் பிறகு எங்கடை வீட்டுப் பக்கமே வாறேல்லை. சைக்கிளையும் தொடுறேல்லையாம்."

பெடியனுக்குப் பதினேழு வயது. இங்கே பிறந்தவன், பந்தயச் சைக்கிள் கழகமொன்றில் ஓடுகிறான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எம்மிடம் படித்தவனுமாவான். அவனை அழைத்துக் கேட்டோம். அவனுக்குக் குற்றம் எதுவென்றே விளங்கவில்லை. "சேர், நான் எங்கடை கழக ஆக்களுக்கு மட்டுந்தான் அப்பிடிச் செய்யிறது. தாத்தாவுக்கும் செய்தனான். மரியாதையாத்தான் செய்தனான்" என்றான். அவன் சொன்னது உண்மை. கூடை கட்டிய சைக்கிளில் வரும் வேறு எவருக்கும் அவனது கழகத்தார் கொடுக்காத வணக்கத்தை, தன் உலகத்திலே மேலானதை, அவன் அந்தப் பெரியவருக்குக் கொடுத்திருந்தான்.

அந்தப் பெரியவரை நாம் அறிவோம். எண்பதை அண்மிக்கும் வயது. மகளுடன் இருக்கிறார். பாண் வாங்கவும் நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் மாற்றவும் நாளும் சைக்கிளில் சென்று வந்தவர். அந்த ஓட்டத்தை வைத்தியர் மருந்தாகவே சொல்லியிருந்தார். நாம் அவரது வீட்டுக்குச் சென்றோம். பெடியனுக்காகப் பரிந்து பேசுவதுதான் எமது நோக்கம். விரல் வணக்கத்தையும் நாடி வணக்கத்தையும் ஓர் ஆசிரியருக்குரிய பொறுமையோடு விளக்கினோம். அவர் இறுதிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"மாஸ்ரர், எனக்கு அந்தப் பெடியனிலை கோவம் இல்லை. அவன் நல்ல பெடியன். வணக்கம் சொல்லாட்டில் எனக்கென்ன? எனக்கு அந்தத் தலை ஆட்டுறதுதான் ஏலாது. கறுப்புக் கண்ணாடி, வாய்க்கு மேலை துணி, தலையிலை கவசம். முகம் இல்லை. முகம் இல்லாத ஒண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுது. நான் இறங்கிட்டன். இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நிக்கிறன், ஆர் என்னைக் கூப்பிடப்போறாங்கள் எண்டு."

அவரது மூத்த மகன் பத்தொன்பது வயதில், 1996 ஆம் ஆண்டு ஆடி மாதத்துச் சுற்றிவளைப்பொன்றில் பிடித்துச் செல்லப்பட்டவர். வரிசையில் மகனுக்குப் பின்னால் நின்றவர் தகப்பன். தலை ஆடியதை அவர் தம் கண்ணால் கண்டார். இதை அவர் எமக்குச் சொல்லவில்லை. படலை வரை வந்து வழியனுப்பியபோது மகள் சொன்னார்.

தகப்பனிடம் நாம் சென்று என்ன சொல்வது? பெடியன் மரியாதையீனம் செய்யவில்லை. பெரியவரும் அவமதிக்கப்பட்டதாக எண்ணவில்லை. கோபப்பட்டவர் இடையில் நின்ற நீர் மட்டுமே என்று சொன்னோம். அவருக்கு அது உவப்பாக இருக்கவில்லை. "எண்டாலும் ஒரு வணக்கம் சொல்லியிருக்கலாந்தானே" என்றார். இருக்கலாம். மூன்று செக்கனுக்குள் சொல்லியிருக்கலாம்.

பெடியனிடம் முழுவதையும் சொல்வதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தோம். எமது பிள்ளைகளின் தோளில் எமது சுமையை எவ்வளவு ஏற்றுவது என்பது இந்நாடுகளில் வாழும் ஒவ்வொரு வீட்டின் கேள்வி. சிலர் ஒன்றுமே சொல்வதில்லை. சிலர் உணவு மேசையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். பதினேழு வயது என்பது பெரியவரின் மகன் அப்போதிருந்த வயதுக்கு இரண்டு வயது குறைவு. அந்த எண்ணந்தான் எம்மைத் தயங்க வைத்தது. முடிவில் அதே எண்ணந்தான் சொல்லவும் வைத்தது. தலையாட்டி என்ற சொல்லுக்கு டேனிஷ் மொழியில் நேரான சொல் எமக்குத் தெரியவில்லை. எனவே வரிசையை, முகமூடியை, அசைவை ஒவ்வொன்றாகச் சொன்னோம். அவன் தனது கண்ணாடியைக் கையில் வைத்து மடித்து விரித்துக்கொண்டிருந்தான். கேள்வி ஒன்றே ஒன்று கேட்டான்: "தலையாட்டினவர் ஆரெண்டு பிறகு தெரிஞ்சதோ, சேர்?" தெரியவில்லை என்றோம்.

அதன் பின்னர் நடந்தவற்றில் எமக்குப் பங்கில்லை. பெடியன் பெரியவரின் வீட்டுக்குத் தனியே சென்றிருக்கிறான். மன்னிப்பு, விளக்கம் என்று எதுவும் பேசவில்லையாம். பெரியவரின் சைக்கிள் கொட்டிலில் காற்றுப்போய்க் கிடந்ததைக் கண்டு, ரியூப்பை ஒட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டு, முன் விளக்கையும் மாற்றியிருக்கிறான். பெரியவர் பக்கத்தில் கதிரை போட்டிருந்து, "ஸ்போக்கை இறுக்கு", "சீற்றைக் கொஞ்சம் பதி" என்று மேற்பார்வை செய்திருக்கிறார். றலி சைக்கிளின் பெருமையை ஒரு மணித்தியாலம் சொன்னாராம். அவன் பொறுமையாகக் கேட்டானாம். அது சிறிய காரியமன்று, நாமும் அதைக் கேட்டிருக்கிறோம்.

புரட்டாதி நடுப்பகுதியில் பெரியவர் மீண்டும் பாதைக்கு வந்தார். முதலில் பாண் கடை வரை. பின்னர் நூலகம் வரை. பெடியன் எதிர்ப்படும்போது தூரத்திலேயே கண்ணாடியைக் கழற்றி, கழுத்துத் துணியைக் கீழே இறக்கிக்கொள்கிறான். வேகத்தைக் குறைத்து "தாத்தா, தூரவோ?" என்கிறான். அந்தச் சொல்லை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தகப்பன் எம்மிடம் கேட்டார். நாம் அல்ல. பெரியவர் "ஓம், உதிலை தான்" என்று சொல்லி முடிக்கும்போது பெடியன் எங்கேயோ போய்விடுகிறான். அதையிட்டு அவருக்கு வருத்தமில்லை.

கழகத்துப் பெடியன்கள் கூட்டமாக வரும் நாட்களில் மட்டும் இன்னும் சிக்கல் இருக்கிறது. முன்னால் வருபவன் வேறொருவன். அவன் வழக்கப்படி நாடியைத் தூக்குவான். அப்போது பெரியவர் பாதையோரம் ஒதுங்கி, கூட்டம் கடந்து போகும்வரை கூடையைச் சரிசெய்வது போல நிற்கிறார். ஆயினும் இறங்குவதில்லை, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொள்கிறார். கூட்டத்தின் நடுவிலிருந்து மணிச்சத்தம் இரண்டு தரம் கேட்கும். பந்தயச் சைக்கிளுக்கு மணி பூட்டினால் பாரம் கூடுமென்று மற்றவர்கள் பெடியனைக் கேலி செய்கிறார்களாம். சட்டப்படி எல்லோருக்கும் இருக்கவேண்டியதுதானே என்று அவன் அவர்களுக்கு மறுமொழி சொல்கிறானாம். கார்த்திகை பிறந்துவிட்டால் நாலரை மணிக்கே இருட்டிவிடும். எதிரே வரும் விளக்கின் ஒளியில் முகம் தெரியாது. அதற்கு என்ன செய்வது என்று இருவரும் இப்போதே ஏதோ பேசிவைத்திருக்கிறார்கள் என்று மகள் சொன்னார்.